தம்பி, படம் எடுத்து என்ன செய்யப் போறாய்?



இந்த முறையும் மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டார்கள். "அண்ணை, போன முறை மாதிரிச் சாப்பாட்டைப் பற்றி எழுதாதேங்கோ, சரித்திரம் ஏதும் எழுதுங்கோ" என்று ஒரு தம்பி ஆலோசனையும் சொன்னார். சரித்திரம் என்றதும் எங்கட ஆட்கள் சோழர் காலத்துக்கு அல்லது சங்கிலியன் காலத்துக்குப் போய்விடுவார்கள். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. நாங்கள் உயிரோடு இருக்கும் இந்தக் காலத்திலேயே, ஒரு கமெராவை வைத்துக்கொண்டு ஐம்பது வருடமாகச் சரித்திரத்தைப் பதிந்து வந்த ஒரு மனிதரைப் பற்றி எழுதப் போகிறேன்.

அவர் பெயர் ஆனந்த் பட்வர்த்தன். இந்தியர். விவரணப்படம் எடுப்பவர். பாட்டு, சண்டை, கதாநாயகன் ஒன்றும் இல்லாத படங்கள். அதனால் எங்கட வீடுகளில் இவருடைய பெயர் தெரியாது. தெரியாததில் ஆச்சரியமும் இல்லை, அவருடைய சொந்த நாட்டுத் தொலைக்காட்சியே அவரை மக்களுக்குக் காட்டாமல் இருக்கப் பலமுறை நீதிமன்றம் வரை போனது!

இவரை நான் தெரிவு செய்ததற்கு இரண்டு காரணம். ஒன்று, இவர் எடுத்த ஆரம்பப் படங்களில் ஒன்று இந்தக் கனடாவில் எடுக்கப்பட்டது. எங்களைப் போல வந்து குடியேறியவர்களைப் பற்றியது. மற்றது, இவரிடம் ஒரு ஏழைப் பெண் கேட்ட ஒரு கேள்வி. அதே கேள்வியை என்னிடமும் ஒரு அம்மா கேட்டிருக்கிறா. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கமெரா கைக்கு வந்த கதை

பட்வர்த்தன் 1950இல் பம்பாயில் பிறந்தவர். வசதியான, படித்த குடும்பம். பெரியப்பா, சித்தப்பா வழியில் சுதந்திரப் போராட்டக்காரர்கள். அவர்களில் ஒருவரான அச்சுத் பட்வர்த்தன் 1942 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் தலைமறைவாக இருந்து வெள்ளைக்காரனுக்குத் தண்ணி காட்டியவர். தாயார் நிர்மலா பெயர் பெற்ற மட்பாண்டக் கலைஞர். சிந்து மாகாணத்து ஐதராபாத்தைச் சேர்ந்தவர். 1947 பிரிவினையோடு அந்த ஊர் வேறு நாடாகிப் போனது. பிறந்த ஊர் வேறு நாடாகிப் போவது என்றால் என்ன என்று எங்களுக்கு ஒருவரும் விளக்கத் தேவையில்லை.

பம்பாயில் ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு, புலமைப்பரிசில் கிடைத்து 1970இல் அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்துக்குச் சமூகவியல் படிக்கப் போனார். அது வியட்நாம் யுத்தத்துக்கு எதிராக மாணவர்கள் தெருவில் நின்ற காலம். இவரும் நின்றார். பிறகு கலிபோர்னியாவில் சேசர் சாவேஸ் என்ற தலைவர் நடத்திய பண்ணைத் தொழிலாளர் சங்கத்தில் சம்பளமில்லாத் தொண்டராக வேலை செய்தார். மெக்சிக்கோவில் இருந்து வந்து திராட்சை பறிக்கும் ஏழைகளின் சங்கம் அது. இந்த அனுபவம் பிறகு கனடாவில் கைகொடுத்தது.

இவ்வளவு படித்த பிள்ளை அமெரிக்காவிலேயே இருந்திருக்கலாம். எங்கட ஆட்கள் என்றால் "விசரே உனக்கு, திரும்பிப் போறாய்?" என்று கேட்டிருப்பார்கள். இவர் 1972இல் திரும்பிப் போய், மத்தியப் பிரதேசத்தில் கிஷோர் பாரதி என்ற கிராமக் கல்வித் திட்டத்தில் இரண்டு வருடம் வேலை செய்தார்.

துண்டு துண்டாக நாட்டைக் கடந்த படம்

1974இல் பீகார் மாநிலத்தில் ஊழலுக்கும் விலைவாசிக்கும் எதிராக மாணவர்கள் கிளம்பினார்கள். முதியவர் ஜெயப்பிரகாஷ் நாராயணன் அதற்குத் தலைமை தாங்கினார். பட்வர்த்தனும் போனார். பட்னாவில் நடக்கப்போகும் பெரிய ஊர்வலத்தில் பொலிசார் அடித்தால் அதற்கு ஒரு சாட்சி வேண்டும் என்று ஒரு சின்னக் கமெரா ஏற்பாடு செய்யப்பட்டது. அது சுப்பர் 8 என்ற வகை, வீட்டு விசேஷங்கள் எடுக்கும் கமெரா. அதில் எடுத்ததைத் திரையில் ஓட்டி, அந்தத் திரையை 16 மில்லிமீற்றர் கமெராவால் திரும்பப் படம் பிடித்து உருவாக்கியதுதான் 'புரட்சியின் அலைகள்'. படம் மங்கலாக, மணல் மணலாக இருக்கும். காசில்லாதவன் எடுத்த படம் அப்படித்தான் இருக்கும்.

படம் முடிந்த கையோடு, 1975 ஜூன் 25ஆம் திகதி பிரதமர் இந்திரா காந்தி அவசரகால நிலையைப் பிரகடனப்படுத்தினார். ஜெயப்பிரகாஷ் நாராயணன் சிறைக்குள். பத்திரிகைகளுக்குத் தணிக்கை. இந்தப் படம் அகப்பட்டால் எடுத்தவரும் உள்ளே, படமும் நெருப்புக்குள். ஆகவே அவர் படச்சுருளைத் துண்டு துண்டாக வெட்டினார். வெளிநாடு போகும் நண்பர்கள் கையில் கொடுத்து அனுப்பினார். பிறகு தானும் மொன்றியல் மக்கில் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்து, துண்டுகளைத் திரும்ப ஒட்டி, வட அமெரிக்காவில் ஊர் ஊராகக் காட்டினார்.

வாசகர்களே, இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றுவிட்டேன். எங்களில் எத்தனை பேர் கடிதங்களையும் படங்களையும் சட்டை மடிப்பில் தைத்துக்கொண்டு வந்தோம்! பட்வர்த்தன் அகதியல்ல, மாணவராக வந்தவர், திரும்பிப் போகக்கூடியவர். அந்த வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. ஆனால் ஒரு நாட்டில் சொல்ல முடியாததை இன்னொரு நாட்டில் வைத்துச் சொல்லும் வேலையை இதே கனடா மண்ணில் எங்களுக்கு முதல் செய்தவர்களில் அவரும் ஒருவர்.

1977இல் அவசரகால நிலை முடிந்தது. அவர் இந்தியாவுக்குத் திரும்பி அரசியல் கைதிகளைப் பற்றி 'மனச்சாட்சியின் கைதிகள்' என்ற படத்தை 1978இல் முடித்தார். இதில் ஒரு நேர்மை உண்டு. அவசரகாலத்தில் பிடிபட்டவர்களை மட்டும் காட்டிவிட்டுப் புதிய ஆட்சிக்குப் பூமாலை போடவில்லை. அதற்கு முதலும் ஆட்கள் விசாரணையில்லாமல் சிறையில் கிடந்தார்கள், அதற்குப் பிறகும் கிடக்கிறார்கள் என்று காட்டினார். தான் ஆதரித்த இயக்கம் ஆட்சியில் பங்கெடுத்தபோதும் கமெராவை மூடி வைக்கவில்லை.

கனடாவில் எழுந்த குரல்

பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் பிரேசர் பள்ளத்தாக்கு என்று ஒரு வளமான விவசாயப் பிரதேசம். ஸ்ட்ரோபெரி, ராஸ்பெரி, காளான் எல்லாம் விளையும். 1970களில் அங்கே பறிக்கிற வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பஞ்சாபில் இருந்து வந்தவர்கள். அதிலும் வயதானவர்கள், பெண்கள். பிள்ளைகள் ஸ்பொன்சர் செய்து கூப்பிட்ட தாய் தகப்பன்மார். இங்கிலிஷ் தெரியாது. வானில் ஏற்றிக்கொண்டு போகும் கொன்ராக்டர் அவர்களுடைய கூலியில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார். மற்றத் தொழிலாளர்களுக்கு இருந்த குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் இவர்களுக்கு இல்லை. பூச்சிமருந்து தெளித்த வயலுக்குள் நின்று வேலை. சில குடும்பங்கள் மாட்டுக்கொட்டில் போன்ற இடங்களில் தங்கின.

1980ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் திகதி இவர்கள் கனடாப் பண்ணைத் தொழிலாளர் சங்கத்தை ஆரம்பித்தார்கள். முதல் தலைவர் ராஜ் சவுகான். பஞ்சாபில் இருந்து வந்த இவர் 2020இல் அந்த மாகாணச் சட்டசபையின் சபாநாயகரானார். பண்ணையில் தொடங்கிய பயணம் அங்கே போய் நின்றது!

அந்தச் சங்கத்தின் ஆரம்ப நாட்களை, ஜிம் மன்ரோ என்பவரோடு சேர்ந்து பட்வர்த்தன் எடுத்த படம் 'எழுவதற்கு ஒரு காலம்'. 1981இல் கனடா தேசிய திரைப்பட சபை வெளியிட்டது. கலிபோர்னியாவில் தொண்டராக வேலை செய்தது இங்கேதான் உதவியது. சங்கம் கட்டுவது என்றால் மேடைப் பேச்சல்ல, வீடு வீடாகப் போய்த் தேத்தண்ணி குடித்துக் கதைப்பது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பயந்த ஒரு கிழவி கையெழுத்து வைக்கும் வரை எவ்வளவு பொறுமை வேண்டும் என்று படத்தைப் பார்த்தால் விளங்கும்.

நான் இந்தப் படத்தை 1988இல் மொன்றியலில் ஒரு தொழிலாளர் நிலையத்தில் பார்த்தேன். அப்போது கோடை காலத்தில் எங்கட பெடியளும் விடிய நாலு மணிக்கு வானில் ஏறித் தோட்டங்களுக்குப் போவார்கள். நானும் போனேன். கையில் காசு, கணக்கு இல்லை, எவ்வளவு வெட்டினார்கள் என்றும் தெரியாது. திரையில் அந்தப் பஞ்சாபி அம்மாமாரைப் பார்த்தபோது, "இது எங்களுக்கு மட்டும் நடக்கிற காரியம் இல்லை" என்று முதன்முதலாக எனக்கு உறைத்தது. அன்று படம் எடுத்தவரின் பெயரை ஒரு துண்டில் எழுதி வைத்தேன்.

அந்தப் பெண்ணின் கேள்வி

இனி அவருடைய முக்கியமான படத்துக்கு வருவோம். 1981இல் பம்பாயில் நடைபாதைவாசிகளையும் சேரிவாசிகளையும் அப்புறப்படுத்தும் பெரிய நடவடிக்கை தொடங்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1985 ஜூலையில் வந்த தீர்ப்பு இரண்டு பக்கம் வெட்டும் வாள். வாழும் உரிமை என்றால் அதற்குள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். முறைப்படி அறிவித்தல் கொடுத்தால் அகற்றலாம் என்றும் சொன்னார்கள். வழக்கு நடந்த காலத்தில் பட்வர்த்தன் அந்தச் சேரிகளில் எடுத்த படம்தான் 'பம்பாய், எங்கள் நகரம்'.

இந்த நகரத்தைக் கட்டியவர்கள் யார், அதில் இருக்க இடமில்லாதவர்கள் யார் என்பதுதான் படம். மாளிகைகளில் இருந்து சேரிகளைப் பற்றி முறைப்பாடு சொல்பவர்களையும், அந்த மாளிகைக்குக் கல் சுமந்தவர்களையும் மாறி மாறிக் காட்டுகிறார். வர்ணனை மிகக் குறைவு. ஆட்களே கதைக்கிறார்கள்.

படத்தில் ஓரிடத்தில் குடிசை இடிக்கப்பட்ட ஒரு பெண் கமெராவைப் பார்த்துக் கோபத்தோடு கேட்கிறா. ஏழைகளைப் படம் பிடித்துப் பேர் வாங்கத்தானே வந்திருக்கிறாய், உன்னால் எங்களுக்கு என்ன செய்ய முடியும் என்பதுதான் அவவுடைய கேள்வியின் சாரம்.

வேறு ஒருவர் என்றால் அந்தத் துண்டை வெட்டி எறிந்திருப்பார். தன் முகத்தில் காறித் துப்பியதை ஆராவது ஊருக்குக் காட்டுவார்களா? பட்வர்த்தன் அதை அப்படியே படத்துக்குள் வைத்தார். இந்தியாவில் விவரணப்படம் படிக்கும் மாணவர்களுக்கு இன்றும் அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டுகிறார்கள். என் கருத்துப்படி, அவருடைய மிச்ச வாழ்க்கை முழுவதும் அந்தப் பெண்ணுக்குச் சொன்ன பதில்தான்.

முதல் பதிலை அவர் கமெரா இல்லாமல் சொன்னார். பம்பாய் நரிமன் பொயின்ற் பக்கத்தில் இருந்த சஞ்சய் காந்தி நகர் என்ற குடியிருப்பு 1986இல் இடிக்கப்பட்டபோது, நடிகை ஷபானா ஆஸ்மியோடும் குடியிருப்பாளர்களோடும் சேர்ந்து உண்ணாவிரதம் இருந்தார். அரசு இறங்கி வந்து கோரேகாவில் மாற்று நிலம் கொடுத்தது.

இரண்டாவது பதில், படத்தை அதில் வந்தவர்களிடமே திருப்பிக் கொண்டுபோனது. 16 மில்லிமீற்றர் புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு சேரிகள், தொழிற்சங்கங்கள், கல்லூரிகள் என்று வேட்டி கட்டின திரையில் கூடக் காட்டத் தயாராக அலைந்தார். மேல்நாட்டு விழாக்களில் பரிசு வாங்குவதோடு வேலை முடிந்தது என்று அவர் நினைக்கவில்லை.

மூன்றாவது பதில்: வழக்கு

'பம்பாய், எங்கள் நகரம்' படத்துக்கு இந்திய அரசே தேசிய விருது கொடுத்தது. ஆனால் அதே அரசின் தொலைக்காட்சியான தூரதர்ஷன் அதைக் காட்ட மறுத்தது. அந்தக் காலத்தில் இந்தியாவில் வேறு தொலைக்காட்சி கிடையாது. பரிசு கொடுத்த கையாலேயே கதவையும் சாத்தினால் எப்படி? பட்வர்த்தன் நீதிமன்றம் போனார், வென்றார், படம் காட்டப்பட்டது.

இதற்குப் பிறகு இது ஒரு வழக்கமாகவே போய்விட்டது. பஞ்சாபில் இந்து - சீக்கிய ஒற்றுமைக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனவர்களைப் பற்றி 1990இல் 'நண்பர்களின் நினைவில்' எடுத்தார். 23 வயதில் தூக்கில் போடப்பட்ட பகத்சிங்கின் எழுத்துக்களை அந்தப் படத்தின் நடுவில் வைத்தார். தூரதர்ஷன் மறுத்தது. உயர் நீதிமன்றம் காட்டச் சொன்னது. மதவெறிக்கும் ஆண்மைத் திமிருக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 1990களின் நடுவில் 'தந்தை, மகன், புனிதப் போர்' எடுத்தார். மறுத்தார்கள். அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2006 ஓகஸ்டில்தான் தீர்ந்தது. ஒரு படம் பத்து வருடத்துக்கு மேல் நீதிமன்றப் படியில் குந்தியிருந்தது!

1998 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் அடுத்தடுத்து அணுகுண்டு வெடித்தபோது இரு நாட்டிலும் இனிப்பு வழங்கினார்கள். பட்வர்த்தன் 'போரும் சமாதானமும்' எடுத்தார். குண்டு வெடித்த பொக்ரானுக்கு அருகில் உள்ள கிராமத்துக்கும், யுரேனியம் தோண்டும் ஜாதுகோடாவுக்கும், பாகிஸ்தானுக்கும், ஹிரோஷிமாவுக்கும் போனார். தணிக்கைக் குழு 21 வெட்டுக்கள் கேட்டது. ஒரு வெட்டுக்கும் அவர் சம்மதிக்கவில்லை. 2003இல் பம்பாய் உயர் நீதிமன்றம் வெட்டில்லாமல் காட்ட அனுமதித்தது.

படத்தில் எனக்கு மறக்காத இடம் ஒரு பாகிஸ்தான் பெண்கள் பள்ளிக்கூடம். விவாதத்தில் அணுகுண்டை ஆதரித்து முழங்கிய பிள்ளைகளிடம் மெல்லக் கதைத்துப் பார்க்கிறார். அவர்கள் உண்மையில் அதை நம்பிச் சொல்லவில்லை என்று வெளியே வருகிறது. கை தட்டு எந்தப் பக்கம் விழும் என்று பார்த்துப் பேசியிருக்கிறார்கள். எங்கட மேடைகளிலும் இது நடக்காமல் இல்லை.

வழக்காடியது தன்னுடைய படத்துக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். பம்பாய் சர்வதேசப் படவிழாவில் இந்தியப் படங்களுக்கு மட்டும் தணிக்கைச் சான்றிதழ் கட்டாயம் என்று விதி வந்தபோது, பல படைப்பாளிகள் எதிர்த்து நின்றார்கள். 2004இல் விழாவுக்குப் பக்கத்திலேயே 'விகல்ப்' என்ற மாற்று விழாவை நடத்திக் காட்டினார்கள். இவரும் அதில் ஒருவர். 2015இல் தன் தேசிய விருதையே திருப்பிக் கொடுத்தவர்களிலும் ஒருவர்.

பூசாரி லால்தாஸ்

1990இல் அயோத்தியில் இருந்த பாபர் மசூதி இருக்கும் இடத்தில் ராமர் கோயில் கட்டவேண்டும் என்று எல்.கே. அத்வானி தேர் போல அலங்கரித்த வாகனத்தில் நாடு முழுக்க யாத்திரை போனார். அந்த நாட்களில் எடுத்த படம் 'ராம் கே நாம்', அதாவது ராமனின் பெயரால்.

இதில் வரும் முக்கியமான மனிதர் ஒரு முஸ்லிம் அல்ல, ஒரு நாத்திகரும் அல்ல. அந்த இடத்திலேயே நீதிமன்றத்தால் நியமிக்கப்பட்டுப் பூசை செய்துகொண்டிருந்த லால்தாஸ் என்ற இந்துப் பூசாரி. இவர்கள் கோயிலுக்காக வரவில்லை, வாக்குக்கும் காசுக்கும் வருகிறார்கள் என்று கமெராவுக்கு முன்னால் அமைதியாகச் சொல்கிறார். படம் எடுத்து இரண்டு வருடத்தில், 1992 டிசம்பர் 6ஆம் திகதி மசூதி இடிக்கப்பட்டது. நாடெங்கும் கலவரம். 1993 நவம்பரில் லால்தாஸ் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இந்தப் படத்துக்கும் தேசிய விருது. இதையும் தூரதர்ஷன் காட்ட மறுத்தது. வழக்குப் போட்டுத்தான் காட்ட வைத்தார். இடிப்பதற்கு முதல் மக்கள் பார்த்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று ஒருவரும் சொல்ல முடியாது. ஆனால் பார்க்க விடப்படவில்லை என்பது உண்மை. 2019இல்கூட ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் இதைத் திரையிட்ட மாணவர்களைப் பொலிசார் பிடித்துக்கொண்டு போனார்கள்.

லால்தாஸ் போய்விட்டார். அவருடைய முகமும் குரலும் மட்டும் மிச்சம். படம் எடுத்து என்ன செய்யப் போகிறாய் என்ற கேள்விக்கு இது நாலாவது பதில்.

ஒரு பாட்டுக்காரனுக்காக 14 வருடம்

'பம்பாய், எங்கள் நகரம்' படத்தில் ஒரு பாட்டுக்காரர் வருவார். பெயர் விலாஸ் கோக்ரே. சேரியில் இருந்து சேரி மக்களுக்காகப் பாடிய தலித் கலைஞர், இடதுசாரி.

1997 ஜூலை 11ஆம் திகதி காலை, பம்பாய் காட்கோப்பரில் ரமாபாய் நகர் என்ற தலித் குடியிருப்பில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போடப்பட்டிருந்தது. மக்கள் வீதிக்கு வந்தார்கள். பொலிசார் சுட்டார்கள். 10 பேர் இறந்தார்கள். நாலு நாள் கழித்து, துயரம் தாங்காமல் விலாஸ் கோக்ரே தன் குடிசையில் தூக்கில் தொங்கினார்.

பட்வர்த்தன் அன்று கமெராவைத் தூக்கினார். கீழே வைக்க 14 வருடம் பிடித்தது. 'ஜெய் பீம் கொம்ரேட்' என்ற அந்தப் படம் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓடும். நண்பன் ஏன் செத்தான் என்று தேடிப் போனவர், மகாராஷ்டிரத்துத் தலித் மக்களின் பாட்டு மரபு முழுவதையும் கண்டுகொண்டார். வரலாற்றை எழுதி வைக்க வசதியில்லாதவர்கள் பாட்டில் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் அந்தப் படம். வழக்கு இழுபட்டதையும் உடன் இருந்து பதிந்தார்.

படம் முடிந்ததும் முதலில் தலித் குடியிருப்புகளில் திரை கட்டிக் காட்டினார். படத்தில் பாடிய கபீர் கலா மஞ்ச் என்ற பூனே நகரத்து இளைஞர் குழு மீது மாவோயிஸ்டுகள் என்று குற்றம் சாட்டப்பட்டு அவர்கள் தலைமறைவானபோது, அவர்களுக்காக ஒரு பாதுகாப்புக் குழு அமைத்தார். பாட்டை எடுத்துவிட்டுப் பாடினவரைக் கைவிடவில்லை.

ஒரு செய்தியை எங்கட பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். அம்பேத்கர் பிறந்தது 1891 ஏப்ரல் 14. நாங்கள் புத்தாண்டுப் பொங்கல் பொங்கும் அதே நாளில் அங்கே லட்சக்கணக்கான மக்கள் தங்களை மனிதராக்கிய மனிதரின் பிறந்தநாளைக் கொண்டாடுகிறார்கள். சாதியைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்த எங்களுக்கு இது யோசிக்க வேண்டிய விஷயம்.

குறையும் சொல்லவேண்டும்

புகழ்ந்துகொண்டே போனால் அது கட்டுரையல்ல, வாழ்த்துப்பா. இவருடைய படங்கள் ஒருபக்கச் சார்பானவை என்று சொல்பவர்கள் உண்டு. அவர் அதை மறைப்பதில்லை. தான் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று படத்திலேயே தெரியும். உயர்சாதிக் குடும்பத்தில் பிறந்தவர் தலித்துகளின் கதையைச் சொல்லலாமோ என்ற கேள்வியும் உண்டு. அது நியாயமான கேள்வி, அந்த மக்களே தீர்மானிக்க வேண்டியது. படங்கள் நீளம் என்பது என்னுடைய குறை. நரேந்திர தாபோல்கர், கோவிந்த் பன்சாரே போன்ற பகுத்தறிவாளர்கள் கொல்லப்பட்டதைப் பற்றி 2018இல் வந்த 'விவேக்' ஏறக்குறைய நாலு மணித்தியாலம். ஆம்ஸ்டர்டாம் விழாவில் அதற்கு முதல் பரிசு கிடைத்தது. அடுத்த வருடம் கேரள விழாவில் காட்ட மத்திய அரசு அனுமதி கொடுக்காமல், அங்கும் உயர் நீதிமன்றம்தான் கதவைத் திறந்தது.

2023இல் வந்தது 'உலகமே குடும்பம்'. ரொறன்ரோ படவிழாவிலும் காட்டினார்கள். இது அவருடைய வயது போன அம்மா அப்பாவைப் பற்றியது. மற்றவர்களுடைய சரித்திரத்தை எடுத்துத் திரிந்தவர், வீட்டில் சாப்பாட்டு மேசையில் தாய் தகப்பன் கதைத்ததையும் சும்மா எடுத்து வைத்திருந்திருக்கிறார். அவர்கள் இறந்த பிறகு அதைப் படமாக்கினார். நாட்டுச் சரித்திரம் வீட்டுக் கதைக்குள் எவ்வளவு கிடக்கிறது என்று அதில் தெரிகிறது.

என் கணக்கு

இப்போது நான் சொல்லுவதாகச் சொன்ன விஷயம்.

1993இல் எங்கட சங்கம் ஒரு வீடியோக் கமெரா வாங்கியது பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். தோளில் வைக்கிற பெரிய சாமான். புத்தாண்டு விழா, கலைவிழா எல்லாம் நான்தான் எடுப்பேன். அந்த வருட விழாவன்று, ஹோல் மூலையில் தனியே இருந்த ஒரு அம்மாவிடம் போனேன். ஊரில் மகனைப் பிடித்துக்கொண்டு போய்த் திரும்பி வராத தாய். "அம்மா, மகனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கோ" என்று கேட்டேன். அவ என்னை நிமிர்ந்து பார்த்து, "தம்பி, படம் எடுத்து என்ன செய்யப் போறாய்?" என்று கேட்டா.

நான் ஏதோ பெரிதாகச் சொன்னேன். ஆவணம், சரித்திரம், உலகம் அறியவேண்டும் என்றெல்லாம். பாவம், அவ நம்பினா. இருபது நிமிடம் கதைச்சா. பிள்ளை போன அன்று என்ன சேர்ட் போட்டிருந்தான், என்ன சாப்பிட்டான் என்பது வரைக்கும்.

அந்த ரேப்பை நான் ஒருவருக்கும் காட்டவில்லை. அவவுக்கும் காட்டவில்லை. நேரம் வரவில்லை, வேலை, இரண்டு வேலை, பிறகு பிள்ளைகள்... இரண்டு வருடத்தில் அவ காலமானா. ரேப் என்னுடைய வீட்டு நிலவறையில் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் கிடந்தது. பட்வர்த்தன் எடுத்ததையெல்லாம் எடுத்த இடத்துக்கே கொண்டுபோய்ச் சேர்த்தார் என்று படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

போன மாரியில் அந்தப் பெட்டியைத் திறந்தேன். சில ரேப்புகளில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. அந்த அம்மாவின் ரேப் தப்பியிருந்தது. கடையில் கொடுத்து மாற்றி எடுத்தேன், குரல் தெளிவாக இருக்கிறது. அவவின் மகளைத் தேடிப் பிடித்து வீட்டுக்கே கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். மூன்று பேரப்பிள்ளைகள் இருந்து பார்த்தார்கள். அவர்கள் அம்மம்மாவின் குரலை முதன்முதலாக அன்றுதான் கேட்டார்கள். மகள் ஒன்றும் சொல்லவில்லை, திரும்ப ஒருக்கால் போடச் சொன்னா.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீடுகளிலும் இப்படி ரேப்புகள் கிடக்கும். கலியாணவீடு, சாமத்தியவீடு என்று எழுதியிருந்தாலும் எறிந்துவிடாதேங்கோ, ஓரத்தில் ஆராவது இருந்து கதைத்திருப்பார்கள். சித்திரை விழாவன்று ஹோல் வாசலில் ஒரு மேசை போட்டு நான் இருப்பேன். கொண்டுவந்து தாருங்கள். மாற்றித் தருவோம். ஆனால் ஒரு நிபந்தனை. அதில் கதைத்தவர்கள் அல்லது அவர்களுடைய பிள்ளைகள் முதலில் பார்க்க வேண்டும், அவர்கள் சம்மதித்தால்தான் மற்றவர்கள் பார்ப்பது.